பலேர்மோவில் மாப்பிள்ளை விசாரித்தது

06.05.2025, செவ்வாய். ஸ்ட்ரெதம், லண்டன்

முழங்கால் நோவு பரவாயில்லை. காலையில் தங்கச்சி பெர்னடெற் சட்டனிலிருந்து போன் எடுத்தாள். விஷயம் அவளுடைய மகள் றஜீனாவின் கலியாணம். பிள்ளைக்கு முப்பத்திரண்டு. போன ஆவணியில் லூர்து யாத்திரைக்குப் போன இடத்தில், இத்தாலியிலிருந்து வந்த எங்கள் ஆட்களில் ஒரு பொடியனைச் சந்தித்திருக்கிறாள். பெயர் லதீசன். பலேர்மோவில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை. ஒன்பது மாதமாக நாள் தவறாமல் போனில் கதை.

"அண்ணை, அவளின்ரை அப்பாவும் இல்லை. தாய்மாமன் நீங்கள்தான் ஒரு சொல்லுச் சொல்லோணும். ஆருக்கும் தெரியாத மாதிரிப் போய் விசாரிச்சுப்போட்டு வாங்கோ. நீங்கள் ஓமெண்டால் ஓம். இல்லையெண்டால் இல்லை."

என்னிடம் கேட்டதில் நியாயம் இருக்கிறது. இந்த லண்டனில் பலேர்மோவை என்னளவுக்கு அறிந்த தமிழன் கிடையாது. தொண்ணூற்றொன்றில் வெளிநாட்டுக்கு ஆள் அனுப்புகிற ஏஜென்சிக்காரன் கொண்டுபோய் இறக்கியபோது அங்கே இரண்டு வருடம் இருந்தவன், ஒரு சாப்பாட்டுக் கடைக் குசினியையே நடத்தியவன் — சரி, இது நான் எனக்கு மட்டும் எழுதுகிற கொப்பி, இங்கே உள்ளதைச் சொல்லலாம். பதினெட்டு நாள். ஓர் அறைக்குள் ஒன்பது பேர். இரண்டு தரம் வெளியே போனேன். ஆனால் அந்தப் பதினெட்டு நாளும் இரண்டு வருடம் மாதிரித்தான் போனது. அதில் பொய் எங்கே இருக்கிறது?

09.05, வெள்ளி

ரிக்கற் போட்டாயிற்று. றஜீனாவிடம் முழங்காலுக்கு வெயில் காட்டப் போவதாகச் சொல்லியிருக்கிறோம். "வெயில் ஸ்பெயினிலையும் இருக்கு மாமா" என்றாள்.

14.05, புதன். பலேர்மோ

கற்விக் விமான நிலையத்திலிருந்து மூன்று மணித்தியாலம். பக்கத்து சீற்றில் இருந்த வெள்ளைக்காரனுக்கு நகரத்தைப் பற்றி வகுப்பு எடுத்துக்கொண்டு வந்தேன். அரைவாசி வழியில் நித்திரையாகிவிட்டான்.

அறை நாலாம் மாடி, லிப்ற் இல்லை. ஜன்னலுக்கு எதிரே அடுத்த வீட்டு உடுப்புக் கொடி. கையை நீட்டினால் அவர்களுடைய சேட் ஒன்றை எடுத்துப் போட்டுக்கொள்ளலாம். ஒரு மனுசி மூன்றாம் மாடியிலிருந்து கயிற்றில் கூடையை இறக்குகிறாள். கீழே பேக்கரிக்காரன் சுடச்சுடப் பாணை வைக்கிறான். கூடை மேலே போகிறது. சந்தியில் மாதா சுருவம், பிளாஸ்ரிக் பூ, மின்விளக்கு. வாசல் மணிகளில் பெயர் வாசித்துக்கொண்டு நடந்தேன். இத்தாலிப் பெயர், இத்தாலிப் பெயர், பிறகு ஒரு செபஸ்தியாம்பிள்ளை.

பெரிய கோயில் எண்ணூறு வருடத்துக்கு மேல் பழசு என்று பலகையில் இருக்கிறது. ஸ்ட்ரெதத்தில் ஆயிரத்து இருநூறு என்று சொல்லலாம்.

15.05, வியாழன்

பலாறோச் சந்தை. விற்கிறவர்கள் கத்துவது தூரத்தில் சண்டை மாதிரி, கிட்டப் போனால் பாட்டு மாதிரி. வாள்மீனின் தலையை வெட்டி, மூக்கு வானத்தைப் பார்க்க நிமிர்த்தி வைத்திருக்கிறார்கள். சூரை மீனை மரக்கட்டையில் வைத்து வெட்டுகிறவனுக்கு முழங்கைவரை இரத்தம். பேய்க்கணவாயை அவித்து, சுடச்சுட நறுக்கி, தேசிக்காய் பிழிந்து கையில் தருகிறான் ஒருவன். கடலைமாவைப் பொரித்துப் பாணுக்குள் வைத்து விற்கிறான் இன்னொருவன். இரண்டையும் சாப்பிட்டேன்.

நடுவில் எங்கள் ஆள் ஒருவருடைய கடை. கறித்தூள், மரவள்ளிக்கிழங்கு, கருவாடு. முதலாளி சவிரிமுத்து, அறுபதுக்கு மேல், மொத்தமான மீசை.

விசாரணை என்பது ஒரு கலை. நேரே கேட்கக் கூடாது. முதலில் அரைக் கிலோ வெண்டிக்காய். பிறகு வெயில். பிறகு நான் இந்த ஊரில் இரண்டு வருடம் இருந்த கதை. அதற்குப் பிறகுதான்:

"இஞ்சை லதீசன் எண்டொரு பொடியன், சாப்பாட்டுக் கடையிலை நிக்கிறானாம். தெரியுமோ?"

"தெரியும். ஏன் கேக்கிறியள்?"

"சும்மா. எங்கடை பக்கத்திலை ஒரு பேச்சு அடிபடுது."

"பொம்பிளை ஆர்?"

என் மருமகள் என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். பல்லு டொக்டர் என்றேன். (பல்லு டொக்டரிடம் வரவேற்பில் இருக்கிறாள். ஒரே கட்டடம்தானே.) சட்டனில் சொந்தக் கிளினிக், நாலு மாடி வீடு, தனக்கென்று ஒரு பெரிய கார். லோயர்மார் இரண்டு பேர் கேட்டு வந்தும் திருப்பி அனுப்பினோம் என்றேன்.

"அப்ப பொடியன் குடுத்துவைச்சவன்தான்" என்றார் சவிரிமுத்து. "நல்ல பொடியன். தகப்பன் இல்லை. தாயைப் பாக்கிறான். குடி இல்லை."

ஒரு சந்தேகமும் வராமல் முடித்தேன். கடல் எந்தப் பக்கம் என்று அவரிடமே கேட்டுக்கொண்டு வெளியே வந்தேன்.

16.05, வெள்ளி

லதீசன் வேலை செய்யும் கடை வள்ளங்கள் கட்டுகிற துறைக்குப் பக்கத்தில். பன்னிரண்டு மேசை. இத்தாலிப் பாஷையில் ஓடர் கொடுத்தேன். வந்தது வேறு. நான் கேட்டது அதுதான் என்ற மாதிரிச் சாப்பிட்டேன். சூடை மீன், பெருஞ்சீரக இலை, பிளம்ஸ் என்கிற காய்ந்த திராட்சை, எல்லாம் பாஸ்ராவுக்குள். மீனுக்குள் பிளம்ஸ் போடுகிறவனை எங்கள் ஆட்கள் குசினிக்குள் விடமாட்டார்கள். தட்டை வழித்துச் சாப்பிட்டேன்.

குசினி ஜன்னலால் ஆளைப் பார்த்தேன். மெலிவு. தலையில் வெள்ளைத் துணி. ஆருக்கோ வைத்த தட்டை வெளியே விடாமல் திருப்பி எடுத்து, விளிம்பைத் துடைத்துவிட்டு அனுப்பினான். இரண்டு தரம்.

மூன்று மணிபோலப் பின்சந்தால் வந்தேன். கதவுக்கு வெளியே மீன்பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு இருந்தான். சப்பாத்தைக் கழற்றியிருந்தான். தகரப் பேணியில் போனைச் சாய்த்து வைத்துக்கொண்டு, வீட்டுச் சோறும் பருப்பும் சாப்பிட்டபடி கதை. போனுக்குள் சிரித்த குரல் றஜீனாவுடையது. அந்தப் பிள்ளை இப்படிச் சிரித்து நான் கேட்டது தகப்பன் உயிரோடு இருந்தபோது.

திரும்பி நடந்தேன். இங்கே ஐஸ்கிறீமைப் பணிசு என்கிற இனிப்புப் பாணுக்குள் வைத்துத் தருகிறார்கள்.

17.05, சனி

முழங்கால். அறையைவிட்டு வெளிக்கிடவில்லை. பின்னேரம் சவிரிமுத்து போன் எடுத்தார் — றஜீனாவழியாகப் பெர்னடெற்றின் நம்பர் லதீசனின் தாயிடம் இருந்ததாம், பெர்னடெற்றிடம் என் நம்பர் வாங்கியிருக்கிறார்கள். "நான் லதீசன்ரை அம்மான். தாயின்ரை தமையன். நாளைக்கு மத்தியானம் தங்கச்சி வீட்டிலை சாப்பாடு, கட்டாயம் வாங்கோ" என்றார்.

அப்போ வியாழக்கிழமை விசாரித்தது ஆர், ஆரை?

18.05, ஞாயிறு

காலையில் பஸ் பிடித்து பெல்லெகிறீனோ மலைக்குப் போனேன். குகைக்குள் புனித றொசாலியாவின் கோயில். பாறையிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது. எங்கள் சனம் கால்நடையாக ஏறி வருகிறது. நெற்றியில் திருநீறோடும் வருகிறார்கள், செபமாலையோடும் வருகிறார்கள். மலை அறுநூறு மீற்றர். ஊரில் சொல்ல ஆயிரத்து ஐந்நூறு.

பிறகு லதீசனின் தாய் கிளறிற்றா வீடு. நண்டுக் கறி. நல்ல கை. சாப்பிட்டு முடியும்வரை ஒருவரும் விஷயத்தை எடுக்கவில்லை.

"அண்ணை, குறை நினைக்காதேங்கோ" என்றாள் கிளறிற்றா. "நான் ஒரு வயசுபோன மனுசியைக் குளிப்பாட்டிச் சாப்பாடு தீத்தி விடுற வேலை. என்ரை மோன் குசினியிலை நிக்கிறான். பிள்ளையைப் பற்றி அவன் எனக்குச் சொன்னது, பல்லு டொக்டரிட்டை போன் எடுக்கிற வேலை, தாயோடை ரெண்டு அறை வீடு, தாயும் மகளும் மாறி மாறி ஓடுற ஒரு கார். நீங்கள் என்ரை தமையனுக்குச் சொன்னது வேறை. ஒண்டில் பிள்ளை ஒன்பது மாசமா என்ரை மோனுக்குப் பொய் சொல்லியிருக்கிறா. இல்லாட்டில் நீங்கள் பொய். பொய் சொல்லுற பிள்ளையை நான் எடுக்கமாட்டன். எது அண்ணை?"

லதீசன் தோடம்பழம் உரித்துக்கொண்டிருந்தான். உரித்து முடித்த பிறகு சுளையின் நாரையும் ஒவ்வொன்றாக உரித்தான்.

"அதிலை கொஞ்சம் விளக்கம் இருக்கு. நாளைக்குச் சொல்லுறன்" என்றேன்.

"இப்ப தெரியாதோ?" என்றாள் கிளறிற்றா.

எழும்பி வந்துவிட்டேன். மொண்டெல்லோக் கடற்கரை. மணல் மா மாதிரி. தண்ணீர் கரையில் பச்சை, தள்ளிப் போகப் போக நீலம். குடும்பம் குடும்பமாகக் குடைக்குக் கீழே படுத்திருக்கிறார்கள். கல்லில் இருந்து மூன்று கதை கட்டினேன். கிளினிக் இருந்தது, கோவிட்டோடு விற்றாயிற்று. கிளினிக் என் பெயரில் இருக்கிறது, பிள்ளைக்கே தெரியாது. மூன்றாவதில் ஒரு தீவிபத்துக்கூட உண்டு. மூன்றும் நல்ல கதைகள். ஒன்றிலும் றஜீனா தப்பவில்லை. எப்படிக் கட்டினாலும் அவள் உண்மையை மறைத்தவள், இல்லாவிட்டால் ஒன்றும் தெரியாத மொக்குப் பெட்டை.

என்ன வேலை பாத்துப்போட்டன். வாயைப் பொத்திக்கொண்டு வெண்டிக்காயை வாங்கிக்கொண்டு வந்திருக்கலாமே. அந்தப் பிள்ளை ஒரு சொல்லுக் கூட்டிச் சொல்லேல்லை அவனுக்கு. ஒரு சொல்லு!

19.05, திங்கள்

காலை பலாறோ. கிளறிற்றா வேலைக்குப் போகிற வழியில் தமையன் கடைக்கு வருவாளாம். கடையில் நாற்பது பேர். இல்லை. ஆறு பேர், அதில் ஒருத்தி இத்தாலிக்காரி.

"தங்கச்சி, பிள்ளை சொன்னதுதான் உண்மை. மாமன்தான் பொய்."

"எவ்வளவு பொய்?"

"முழுக்க. கிளினிக் இல்லை. வீடு கவுன்சில் குடுத்த வாடகை வீடு. லோயர் ஒருத்தரும் கேட்டு வரேல்லை."

"இஞ்சை ரெண்டு வருஷம் இருந்ததெண்டது?"

"பதினெட்டு நாள்."

சவிரிமுத்து தராசைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "அது எனக்கு அண்டைக்கே தெரியும் அண்ணை. ரெண்டு வருஷம் இருந்த ஆள் கடல் எந்தப் பக்கமெண்டு என்னட்டைக் கேட்டுக்கொண்டு போறார்!"

கடை முழுக்கச் சிரித்தது. இத்தாலிக்காரியும் விளங்காமலே சிரித்தாள். கிளறிற்றா சிரிக்கவில்லை.

"ஏன் அண்ணை சொன்னனீங்கள்?"

"நீங்கள் பிள்ளையைக் குறைச்சு நினைச்சிடுவியள் எண்டு."

"நாங்கள் நினைக்கேல்லை. உள்ளதைச் சொன்னால் காணாதெண்டு குறைச்சு நினைச்சது நீங்கள்."

கிளறிற்றா கறிவேப்பிலைக் கட்டை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டாள். ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

மத்தியானம் மண்ணீரல் பாண். பாதிதான் போனது.

20.05, செவ்வாய். ஸ்ட்ரெதம்

கற்விக்கில் றஜீனா காரோடு நின்றாள். குறொய்டன் வரும்வரை வெயிலைப் பற்றி மட்டும் கேட்டாள். பிறகு,

"மாமா, லதீசன் சொன்னவர்."

"எல்லாமோ?"

"எல்லாம். நான் பல்லு டொக்டராமே."

சிவப்பு விளக்கில் நின்றபோது சிரித்தாள். பிறகு அழுதாள். "லதீசன்ரை அம்மா இன்னும் ஒண்டும் சொல்லேல்லையாம் மாமா. நான் என்ன செய்ய?" பச்சை விழுந்தது. பின்னால் நின்றவன் ஹோர்ன் அடித்தான்.

21.05, புதன்

சட்டன் போனேன். பெர்னடெற் தேத்தண்ணி, றோல்ஸ் எல்லாம் மேசையில் வைத்து, ரீவியை நிற்பாட்டிவிட்டு எதிரே இருந்தாள். நான் கதை சொல்லப்போனால் அப்படித்தான் இருப்பாள்.

"பொடியன் சமையல் வேலை. மெலிவு. தொழிலிலை கவனம். குடி இல்லை. தாய் ஒரு வயசுபோன மனுசியைப் பாக்கிறா. எனக்குப் பிடிச்சிருக்கு. ஓம்."

"வேறை?"

"வேறை இல்லை."

தங்கச்சியின் முகம் மாறியது. "அண்ணை, என்ன மறைக்கிறியள்? நீங்கள் பல்லுப் புடுங்கிக்கொண்டு வந்தாலே மூண்டு மணித்தியாலம் சொல்லுற ஆள். அவனுக்கு அங்கை வேறை குடும்பம் இருக்கோ? பொலிஸ் பிடிச்சு மறியலுக்குப் போனவனோ? சொல்லுங்கோ!"

அறுபத்தெட்டு வயதில் கூட்டாமல் குறைக்காமல் ஒன்றைச் சொன்னேன், நம்பவில்லை. கடைசியில் பலாறோவில் செய்ததை முழுக்கச் சொல்ல வேண்டி வந்தது. முடிய அவள் றோல்ஸ் தட்டை எடுத்துக்கொண்டு குசினிக்குள் போனாள். திரும்பி வரவில்லை. பஸ்ஸில் வந்தேன்.

22.05, வியாழன்

போன் எடுத்தேன். எடுக்கவில்லை.

23.05, வெள்ளி

எடுக்கவில்லை.

25.05, ஞாயிறு

றஜீனா சொன்னது: நேற்றுப் பெர்னடெற் தானே பலேர்மோவுக்கு, கிளறிற்றாவுக்குப் போன் எடுத்திருக்கிறாள். முதல் பத்து நிமிடம் மன்னிப்புக் கேட்டாளாம். அதற்குப் பிறகு ஒன்றரை மணித்தியாலம் இரண்டு பேரும் கதைத்திருக்கிறார்கள், பெரும்பகுதி என்னைப் பற்றி. என்னை ஏசுவதில் இரண்டு குடும்பத்துக்கும் ஒரு வித்தியாசமும் இல்லையாம். வைக்கும்போது "சம்பந்தி" என்று கூப்பிட்டுத்தான் வைத்தார்களாம்.

நல்லது.

13.07, ஞாயிறு. சட்டன்

பூசை முடிவில் சுவாமியார் முதலாம் கலியாண ஓலை வாசித்தார். புரட்டாதியில் கலியாணம், தடை தெரிந்தவர்கள் அறிவிக்கவும். இரண்டு ஊர்ப் பெயர், நாலு பெற்றோர் பெயர். அரை நிமிடத்தில் முடிந்துவிட்டது.

பிறகு மண்டபத்தில் தேத்தண்ணி. பெற்றோல் ஸ்ரேசனில் என்னோடு இருபது வருடம் வேலைக்கு நின்ற அருள்நேசன் இன்னும் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு வந்தான். ஏதோ கேட்கப்போகிற ஆயத்தத்தில் கதிரையை இழுத்துப் போட்டான்.

"என்ன ஞானரட்ணம் அண்ணை, மாப்பிள்ளை அங்கை பெரிய ஹோட்டல் முதலாளியாமே?"

"இல்லை. ஒரு கடையிலை சமைக்கிறார்."

"தாய்?"

"ஒரு மனுசியைப் பராமரிக்கிறா."

அருள்நேசன் மிச்சத்துக்காகக் கோப்பையோடு காத்திருந்தான். மற்ற நாலு பேரும் காத்திருந்தார்கள். மிச்சம் இல்லை.

றோல்ஸ் தட்டோடு எழும்பிப் போன நாளிலிருந்து என்னோடு கதைக்காத பெர்னடெற் பின்னால் நின்றிருக்கிறாள், நான் காணவில்லை. என் கையிலிருந்த வெறுங்கோப்பையை வாங்கிக்கொண்டு போய், நிரப்பி, சீனி ஒரு கரண்டி கூடப் போட்டுக் கொண்டுவந்து தந்தாள்.