கிளட்ச் கவரில் ஒரு கீறல்

முக்கோலை,
விழிஞ்ஞம்.
6-2-2005

அன்புள்ள அனூப் அண்ணனுக்கு,

தங்கை பிஜி எழுதுவது. மஸ்கட்டுக்கு இதுவரை வந்த கடிதங்கள் எல்லாம் அம்மா சொல்லச் சொல்ல நான் எழுதியவை. இதை யாரும் சொல்லவில்லை. நான் எழுதுவது வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. இங்கே எல்லாரும் சுகம் என்று ஆரம்பிக்க எனக்கு மனசு வரவில்லை. போனில் சொல்லலாம்தான். ஆனால் தாசம்மாள் அக்காவின் பூத்தில் நாலு பேர் காத்து நிற்கும்போது எனக்குக் குரலே எழும்பாது என்பது உங்களுக்குத் தெரியும்.

அப்பா வொர்க்‌ஷாப்பை விடப் போகிறார். இந்த மாதம் இருபத்தெட்டாம் தேதி கட்டிடக்காரரிடம் சாவியைக் கொடுத்துவிட்டு, மார்ச் ஒன்று முதல் ரிசார்ட் கேட்டில் செக்யூரிட்டியாக நிற்கப் போகிறார். யூனிஃபார்முக்கு அளவும் எடுத்தாகிவிட்டது. காரணம், ரிசார்ட்டுக்காரர்கள் கடற்கரையில் ஓட்டும் அந்த நாலு சக்கரச் சிவப்புக் குவாட் வண்டி. நீங்கள் புறப்படுவதற்கு முந்தின சனிக்கிழமை கிளட்ச் கவரைக் கழற்றி மாட்டினீர்களே, அதேதான்.

நீங்கள் போன இரண்டாம் வாரமே கவர் ஓரத்தில் ஆயில் கசிய ஆரம்பித்தது. அப்பா மூன்று தடவை கவருக்கு அடியில் வைக்கும் தாள் பேக்கிங்கை மாற்றினார். மூன்றையும் கவர்மேல் தாளை வைத்துத் தட்டித் தட்டி வெட்டிக் கொடுத்தவள் நான். ஒவ்வொரு தடவையும் இரண்டு நாள் சும்மா இருக்கும், பிறகு பின்பக்கம் கீழே அதே இடத்தில் ஈரம். மூன்றாம் தடவை ஒரு வெள்ளைக்காரம்மாவின் கால்சட்டையில் ஆயில் பட்டுவிட்டது. ரிசார்ட் மேனேஜர் வண்டியோடு வந்து, ரோட்டில் நின்றவர்கள் பார்க்க, "ஞானையா, மதி, போதும். இனி நீ இதைத் தொடண்டா" என்றார். அவருக்கு உங்களைவிட நாலு வயது கூட இருக்கும், அவ்வளவுதான். அப்பா கையில் இருந்த கழிவு நூலால் விரலைத் துடைத்துக்கொண்டே நின்றார். வேறு மெக்கானிக் வந்து எடுத்துப் போகும்வரை வண்டி நம் கடையிலேயே கிடக்கட்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

அன்றைக்கு அப்பா என்ன சொன்னார் தெரியுமா? "எனக்குக் கண்ணு சரியாப் பிடிக்கல்ல மக்களே. அனூப் இருந்தா இது ஒழுகுமா? அவன் கை வேற கை." உங்களிடம் இதைச் சொல்லவே கூடாதென்று கட்டளையும் போட்டார். "அவன் அங்க வெயில்ல கெடக்கான், இத வேற சொல்லாண்டாம் கேட்டியா."

போன மாதம் செக்யூரிட்டி வேலை விஷயமாக அப்பா ரிசார்ட்டுக்குப் போயிருந்த ஒரு மத்தியானம், நான் அந்தக் கவரைக் கழற்றினேன். பெட்ரோல் தொட்டு ஓரம் முழுக்கத் துடைத்தேன். அந்தக் கீழ் போல்ட் பக்கத்தில் கசிவை அடைக்கும் பழைய பேஸ்ட் அலுமினியம் நிறத்திலேயே இறுகிப் போயிருந்தது. சுரண்டியபோது அடியில் ஒரு பள்ளம், நகம் தட்டியது. பேக்கிங் உட்காருகிற முகத்தில், உள்ளிருந்து வெளியே குறுக்காக ஒரு கீறல். மஞ்சள் பிடி போட்ட, நுனி உடைந்த நம் ஸ்க்ரூ டிரைவரை எடுத்து அதில் வைத்துப் பார்த்தேன். அளவெடுத்த மாதிரி உட்கார்ந்தது. அந்த ஸ்க்ரூ டிரைவரை உங்களைத் தவிர யாரும் தொடமாட்டார்கள்.

ஒட்டிப்போன கவரை மரக்கட்டையால் சுற்றித் தட்டித்தான் எடுக்க வேண்டும், இடுக்கில் எதையும் விட்டு நெம்பக் கூடாது. இதை எத்தனை பேருக்கு நீங்களே சொல்லிக் கேட்டிருக்கிறேன். அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் சபையார் உங்களுக்காக ஜெபம் பண்ண வருகிறார்கள் என்று அவசரம். நெம்பினீர்கள். கீறல் விழுந்தது. அதையாவது மன்னிக்கலாம். பேஸ்ட்டை அப்பி மூடிவிட்டு, ஒரு வார்த்தை சொல்லாமல் விமானம் ஏறினீர்களே. கிறிஸ்மஸுக்குப் பேசும்போது இத்தனை வண்டிகளை விட்டுவிட்டு, "அந்தக் குவாட் எப்படி இருக்கு" என்று அம்மாவிடம் கேட்டீர்கள். அப்போது எனக்குப் புரியவில்லை. இப்போது நினைத்தால் உடம்பு எரிகிறது.

ஒன்பதாம் வகுப்போடு என்னை நிறுத்தியபோது, "இவ கிளாஸ்ல வாயே தொறக்கமாட்டா, படிச்சு என்னத்துக்கு, கடையில பில்லு எழுதட்டு" என்றவர் நீங்கள். பில் எழுதிக்கொண்டே எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். மேஜைக் கண்ணாடியை எடுத்துத் தரையில் வைத்தேன். அதன்மேல் எம்ரி பேப்பரை ஒட்டி, மண்ணெண்ணெய் விட்டு, கவரைக் கவிழ்த்துத் தேய்த்தேன். இரண்டு மணி நேரம். நகம் தட்டாத அளவுக்கு முகம் சமமானது. புது பேக்கிங் வெட்டிப் போட்டு, போல்ட்டுகளை எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கினேன். ஆயில் ஊற்றி அரைமணி நேரம் ஓடவிட்டேன். அடியில் விரித்த பேப்பரில் ஒரு சொட்டு இல்லை. இன்றைக்குப் பதினெட்டு நாள், வண்டி ரிசார்ட்டுக்குத் திரும்பிப் போய் தினமும் மணலில் ஓடுகிறது, இன்னும் இல்லை.

அப்பா வந்து குனிந்து அந்தப் பேப்பரைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு, "அனூப் போன்ல சொல்லித் தந்தானா மக்களே" என்று கேட்டார். நான் இல்லை என்று தலையாட்டுவதற்குள் அவர் திரும்பிவிட்டார். அம்மா மறுநாளே சபையின் பெண்கள் ஐக்கியக் கூட்டத்தில் சாட்சி சொல்லிவிட்டாள், மகன் மஸ்கட்டில் இருந்துகொண்டே வண்டியைச் சரியாக்கினான் என்று. மேனேஜரும் "மகன் மிடுக்கன், கெட்டிக்காரன்" என்று மெச்சினாராம். அப்பா அதைக் கேட்டுச் சிரித்துவிட்டு வந்து அம்மாவிடம் சொன்னது இது: "அங்க இருந்து அவனுக்குத் தெரிஞ்சது, முன்னால இருந்து எனக்குத் தெரியல்ல. நான் நிறுத்துகதுதான் சரி."

நான் சரி செய்ததுதான் அவரை அடியோடு வீழ்த்திவிட்டது, அண்ணா.

போன வியாழக்கிழமை துணிந்து சொன்னேன். கீறல் இருந்தது, அண்ணன் போட்டது என்று. முதல்முறையாக என்மேல் கோபப்பட்டார். "எங்க, காட்டு பாப்போம். இல்லாதவன்மேல பழி போடாதே பிள்ளே." காட்ட என்ன இருக்கிறது? அந்தக் கீறலை என் கையாலேயே தேய்த்து அழித்துவிட்டேன். அது இருந்ததென்று இனி சொல்லக்கூடியவர் உலகத்தில் நீங்கள் ஒருவர்தான்.

அதனால் இருபத்தெட்டுக்கு முன்னால் தாசம்மாள் அக்காவின் பூத்துக்குப் போன் செய்யுங்கள். எந்த ஞாயிறானாலும் ஆராதனை முடிந்த நேரம் போதும். அம்மாவைக் கேட்காதீர்கள், அப்பாவைக் கூப்பிடச் சொல்லுங்கள். "கீறல் நான் போட்டது, உங்கள் கண்ணிலும் கையிலும் ஒரு குறையும் இல்லை" என்று சொல்லுங்கள். அவர் நம்பும்வரை சொல்லுங்கள். தேய்த்தது யார் என்பதைச் சொல்வதும் விடுவதும் உங்கள் இஷ்டம்.

அந்நிய தேசத்தில் ஒரு ஆபத்தும் அணுகாமல் கர்த்தர் உங்களைப் பாதுகாப்பாராக. உங்கள்மேல் எவ்வளவு கோபம் இருந்தாலும் சாப்பாட்டுக்கு முன் அப்பா ஜெபிக்கும்போது உங்கள் பெயருக்கு நானும் ஆமென் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன். அந்த ஆமெனைச் சொல்லமுடியாமல் என்னை ஆக்கிவிடாதீர்கள்.

தங்கை,
பிஜி