இடிப்பதற்கென்று ஒரு ஷெட்

இயேசு மரி சூசை

சுனாமி குடியிருப்பு,
9-2-2014, ஞாயிறு.

அன்பு மகள் அஜிஷாவுக்கு,

நாங்கள் எல்லாரும் இங்கே சுகம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். பொய்யில் ஆரம்பிக்க வேண்டாம் என்று விட்டுவிட்டேன். உடம்புக்கு ஒன்றுமில்லை. மனசுதான் மூன்று நாளாகக் குமட்டிக்கொண்டு கிடக்கிறது.

இதைப் போனில் சொல்லலாமே என்று கேட்பாய். நீ 'எம்மா' என்று ஒரு தடவை கூப்பிட்டால் என் கோபமெல்லாம் போய்விடும். இந்தக் கோபம் போகக் கூடாது. அதனால் அங்கன்வாடிப் பிள்ளைகளைத் தூங்கவைத்துவிட்டு எழுதின பாதியும், இன்று பூசை முடிந்து வந்து எழுதின பாதியுமாக அனுப்புகிறேன். பத்து நாளில் அமெரிக்காவுக்கு வந்துவிடும் என்று போஸ்ட் ஆபீசில் சொன்னார்கள். நீ பிளேன் ஏறுவதற்கு முன்னால் கிடைத்தால் போதும்.

அப்பாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது. கடலில் மீன்பாடு சுமார்தான். திங்கட்கிழமை இரண்டு நெய்மீன் பட்டது. ஒன்றை ஏலத்துக்கு விடாமல் வீட்டுக்குக் கொண்டுவந்தார். உனக்குப் பிடிக்கும் உனக்குப் பிடிக்கும் என்று சொல்லிச் சொல்லியே முழுக் கறியையும் அவரே தின்றார். போன மாதம் முன்னறைக்கு டைல்ஸ் போட்டாயிற்று. வெளிர் பச்சை. நீ இன்னும் பார்க்கவில்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன். வியாழக்கிழமை அங்கன்வாடிக்கு ஞானையன் வந்தார். சுனாமி வந்த மூன்றாம் நாள் பழைய பைக்கில் வந்து 'நான் தொண்டு நிறுவனம்' என்று சொன்ன அதே ஞானையன்தான். இப்போது வெள்ளைக் காரில் வருகிறார். வாசலில் நின்றபடியே, "டீச்சரே, சந்தோஷ சமாச்சாரம் கேட்டியளா? ஒங்க மக வாறா. கூடப் படிக்கிற பன்னிரண்டு பிள்ளியளும் வாறாவ. மார்ச் பதினஞ்சுல இருந்து ஏழு நாளு" என்றார். கையிலிருந்த சத்துமாவு டப்பாவைக் கீழே போட்டுவிட்டேன். நீ போய் ஒன்றரை வருஷமாகிறது. எனக்குத் தெரியாமல் வந்து நிற்க நினைத்திருக்கிறாய். அந்த நிமிஷம் எனக்கு இருந்த சந்தோஷத்தை நீ பார்த்திருக்க வேண்டும்.

பன்னிரண்டு பிள்ளைகள் என்றதும்தான் இது அந்த வழக்கமான கூட்டம் என்று புரிந்தது. ஒன்பது வருஷமாக மார்ச் பிறந்தால் ஒரு கூட்டம் வருவது உனக்குத் தெரியும். அங்கே அப்போது காலேஜுக்கு லீவாம். முதல் நாள் தோவாளைப் பூமாலை, ஆரத்தி. கடைசி நாள் பத்மநாபபுரம் அரண்மனை. நடுவில் அஞ்சு நாள் சேவை. சேவை என்றால் என் அங்கன்வாடிச் சுவருக்குப் பெயிண்ட் அடிப்பது. ஒரு வருஷம் நீலம், மறு வருஷம் மஞ்சள், போன வருஷம் வரிக்குதிரை. நகத்தால் சுரண்டினால் வெங்காயத் தோல்போல உரிந்து உரிந்து வருகிறது. கூரை ஒழுகுகிறது, அதைப் பாருங்கள் என்று ஒவ்வொரு வருஷமும் சொல்கிறேன். கூரைமேல் ஏறினால் பிள்ளைகள் விழுந்துவிடுவார்களாம். சுவர்தான் பத்திரமாம்! கொத்தனார் முத்துநாயகம் அண்ணன் வேலையில்லாமல் எதிர்த்த வேப்பமரத்தடியில் உட்கார்ந்து, அவர்கள் சாந்து குழைக்கிற அழகைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

அதையெல்லாம்கூடப் பொறுத்தேன். போன வருஷம் ஞானையன் என் காதோரம் வந்து ஒன்று சொன்னார். "இந்த ஒரு வாரம் மட்டும் பிள்ளியளுக்கு மூக்கத் தொடைக்காதீங்க டீச்சரே, போட்டோவுக்கு நல்லாருக்கும்." தூ! தினமும் காலையில் இருபத்திரண்டு பிள்ளைகளுக்கு மூக்கைச் சிந்தி, முகம் கழுவி, தலைவாரி விடுகிறவள் நான். அவர் சொன்னதைக் கேட்டு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. வழக்கம்போல் எல்லா மூக்கையும் துடைத்துவிட்டுத்தான் வெளியே விட்டேன்.

இந்தத் தடவை அதைவிடப் பெரிதாக ஒன்று கொண்டுவந்திருந்தார். "ஒரு சின்னக் காரியம் டீச்சரே. ஒங்க மக அங்க இன்டர்நெட்டுல நம்மளப் பத்தி அருமையா எழுதியிருக்கா. அம்மையும் அப்பனும் இன்னும் தார் ஷீட்டு ஷெட்டுலதான் கெடக்காவன்னு போட்டிருக்கா. பாவம், சின்னப் பிள்ள, ஒரு வேகத்துல எழுதிட்டா. நாம அதுக்கு ஏத்தாப்புல ஒண்ணு காட்டணும்லா?" கடற்கரைப் பக்கம் காலியாகக் கிடக்கிற இடத்தில் சுனாமிக்குப் பிறகு நாம் கிடந்த மாதிரியே ஒரு ஷெட் போடுவாராம். நானும் அப்பாவும் பகலில் அதில் இருக்க வேண்டுமாம். பன்னிரண்டு பேரும் வந்து அதை இடித்துவிட்டு, எங்களுக்கு ஒரு அறை கட்டித் தருவார்களாம். கழுத்துச் செயினைக் கழற்றி வைக்க வேண்டும், பழைய சேலை ஏதாவது கிடந்தால் உடுத்திக்கொள்ள வேண்டும் என்றார். எங்கள் வீட்டுப் பக்கம் அவர்களை வரவிடாமல் அவர் பார்த்துக்கொள்வாராம்.

நான் என்ன செய்தேன் என்று நினைக்கிறாய்? செருப்பைக் கழற்றினேன் என்றா? இல்லை. சரி என்று சொன்னேன். ஏழு நாள் ஒரு ஷெட்டில் உட்கார்ந்தால் என் பிள்ளையைப் பார்க்கலாம் என்றால், உட்கார்ந்தால் என்ன என்று தோன்றியது. வெட்கத்தைவிட ஆசை பெரிதாக இருந்தது, மகளே.

வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்குள் ஷெட் போட்டு முடித்துவிட்டார்கள். அதே கறுப்புத் தார் ஷீட், எங்கிருந்துதான் தேடிப் பிடித்தாரோ. உள்ளே போய் இருந்து பாருங்கள் என்றார். குனிந்து போனேன். வெயிலில் தார் இளகி நாறியது. நீயும் நானும் ஒன்றரை வருஷம் மூச்சாக இழுத்த அதே நாற்றம். ஒரு நிமிஷம் இருந்திருப்பேன், அவ்வளவுதான். வெளியே ஓடிவந்து அவருடைய காரோரம் வாந்தி எடுத்தேன்.

முகத்தைக் கழுவிவிட்டு, என் மகள் என்னதான் எழுதியிருக்கிறாள், காட்டுங்கள் என்றேன். கார் முன்னால் லேப்டாப்பை விரித்து வைத்து, ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னார். என் தம்பியைக் கடல் கொண்டுபோனது, அவன் ஞாபகமாக என் ஊருக்குச் சேவை செய்யப் போகிறேன், என்னோடு வாருங்கள் என்று இருந்தது. மேலே ஜெனோ படம்.

நம்மிடம் ஜெனோ படம் ஒன்றுகூடக் கிடையாது. இருந்ததெல்லாம் பழைய வீட்டோடு போயிற்று. முதல் வருஷக் கூட்டத்தில் வந்த வெளிநாட்டுப் பெண் ஷெட்டில் வைத்து எடுத்த படம் ஒன்று உண்டே, அதைக் கொடுங்கள் என்று ஒன்பது வருஷமாக இந்த ஞானையனிடம் கேட்டிருக்கிறேன். கிடைக்கவில்லை டீச்சரே என்பார். அது அவரிடம்தான் இருந்திருக்கிறது. நீ கேட்டதும் உனக்கு அனுப்பியிருக்கிறார்.

அந்தப் படத்தில் அவன் கையில் என்ன இருக்கிறது என்று பார்த்தாயா அஜிஷா? மஞ்சள் கரடிப் பொம்மை. அதை அவனுக்குக் கொடுத்தது யார்? அந்தப் பெண்தான். எப்போது? சுனாமி வந்து மூன்று மாதம் கழித்து. கடல் கொண்டுபோன பிள்ளை கையில் அது எப்படி வந்தது, அவன் முதுகுக்குப் பின்னால் தார் ஷீட் எப்படி வந்தது? உன் காலேஜில் படிக்கிற ஒருவருக்கும் இது தோன்றவில்லையா? உனக்கே தோன்றவில்லையா?

ஜெனோ கடலில் போகவில்லை. அந்த ஷெட்டில் வந்த வயிற்றுப்போக்கில் போனான். நீ பக்கத்தில் படுத்து நோட்டுப் புத்தகத்தால் அவனுக்கு விசிறிக்கொண்டிருந்தாய். உனக்கு அப்போது பதினொரு வயசு. மறந்திருக்க மாட்டாய். ராத்திரியிலிருந்து அவனுக்குப் போய்க்கொண்டிருந்தது. காலையில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகத் தூக்கினேன். அமெரிக்காவிலிருந்து காலேஜ் பிள்ளைகள் ஒவ்வொரு ஷெட்டாகப் பார்க்க வருகிறார்கள், யாரும் வெளியே போகாதீர்கள், ஆள் இல்லாத ஷெட்டுக்குச் சாமான் கிடையாது என்று ஞானையன் சொன்னார். நான் இருந்துவிட்டேன். பதினொன்றரைக்கு வந்தார்கள். பொம்மை கொடுத்தார்கள், படம் எடுத்தார்கள். பிறகுதான் ஆட்டோ பிடித்தேன். இரணியல் தாண்டும்வரைகூட அவன் இருக்கவில்லை.

உன்னைத் திட்டத்தான் உட்கார்ந்தேன். இதற்குமேல் உன்னைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. அவன் போன மறு வருஷம் உன் படிப்புக்கு ஸ்காலர்ஷிப் பாரத்தோடு கான்வென்ட் சிஸ்டர் வந்தார்கள். வீட்டில் ஒரு சாவு இருந்தால்தான் அந்த ஸ்காலர்ஷிப், அதுதான் உன்னை அமெரிக்கா வரைக்கும் கொண்டுபோனது. ஜெனோ பெயரைச் சொன்னேன். "சுனாமியிலயா?" என்று கேட்டார்கள். தலையாட்டினேன். அவ்வளவுதான் செய்தேன். அப்பா எழுந்து வெளியே போனார். நீ கதவோரம் நின்றுகொண்டிருந்தாய். அந்தப் பொய்யை நீ அமெரிக்காவில் படிக்கவில்லை. என்னிடம்தான் படித்தாய். ஞானையன்மேல் வருகிற அருவருப்பைவிட என்மேல் வருகிற அருவருப்புதான் பெரிது.

ஷெட்டை அவிழ்த்துக்கொண்டு போங்கள் என்று அவரிடம் சொன்னேன். "வேண்டாம் டீச்சரே, மக வாறத நீங்களே கெடுக்காதீங்க" என்றார். அந்த நேரம் பார்த்து அப்பா கரையிலிருந்து வந்தார். ஷெட்டைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார். மடியில் இருந்த கத்தியை எடுத்து நாலு மூலைக் கயிற்றையும் அறுத்தார். ஷீட்டெல்லாம் சரிந்து விழுந்தது. "எனக்க மக எனக்க வீட்டுக்கு வரட்டு. இதுக்குள்ள ஒருத்தியும் வராண்டாம்" என்றார். ஞானையன் காரை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

ஆகையால் மகளே, அந்தப் பன்னிரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வராதே. அவர்கள் நல்ல பிள்ளைகளாக இருக்கலாம். நல்ல பிள்ளைகளிடம் உள்ளதைச் சொல்லலாம். சொன்னால் உன் படிப்பு போய்விடுமோ என்று எனக்கு ஈரக்குலை நடுங்குகிறது. போனால் போகட்டும் என்று எழுத எனக்குத் தைரியம் வரவில்லை. சொல்லாமல் இரு என்று எழுதவும் கை வரவில்லை. அதை நீதான் தீர்மானிக்க வேண்டும். என்ன தீர்மானித்தாலும், பாரத்தில் பொய் சொன்னவள் அம்மா என்று சொல். நான் மறுக்க மாட்டேன்.

ஒன்று கவனித்தாயா? உங்கள் ஏழு நாளுக்குள் மார்ச் பத்தொன்பதும் வருகிறது. சூசையப்பர் திருநாள், ஜெனோ போன நாள். அன்றைக்கு நான் தார் ஷீட்டுக்குள் உட்கார்ந்திருக்க, நீ வெளியே சுத்தியலோடு நிற்பதாக இருந்தது. அன்று காலை அவனுக்குப் பூசை கேட்டிருக்கிறேன். வர முடிந்தால் தனியாக வா. இரணியல் ஸ்டேஷனில் இறங்கு, அப்பா ஆட்டோவோடு நிற்பார். லீவு முடிந்துதான் வர முடியும் என்றாலும் சரி, அடுத்த வருஷம்தான் என்றாலும் சரி. இந்த வீட்டுக் கதவு உனக்குத் திறந்தே இருக்கும். பச்சை டைல்ஸில் பாய் விரித்துப் படு.

அந்தப் படத்தை அந்த இடத்திலிருந்து எடுத்துவிட்டு, நல்ல காகிதத்தில் பெரிதாகப் போட்டுக் கொண்டுவா. நடு அறையில் திருஇருதயப் படத்துக்குக் கீழே ஆணி அடித்து வைத்திருக்கிறேன்.

தாயாகிய மாதா உன்னைக் கைவிட மாட்டாள். இங்கிருந்தே உன் நெற்றியில் சிலுவை போடுகிறேன்.

உன் அம்மா
பிரகாசி

பி.கு.: படத்தில் பய சிரிக்கிறானா என்று அப்பா நேற்றிலிருந்து கேட்டுக்கொண்டே இருக்கிறார். கண்ணாடி போடவில்லை, சரியாகத் தெரியவில்லை என்று சொல்லிவைத்திருக்கிறேன். நீ வந்து காட்டு.