ஜம்பு மரத்தடிப் புழுக்கள்

மே 9, வெள்ளி

வெள்ளவத்தை முழுக்க வெக்கை. அம்மாவின் மருந்து வாங்க வேண்டும். ஆய்வகத்தில் புழு வளர்க்கும் தட்டுகளுக்கு அகார் காய்ச்ச வேண்டும்.

இன்று ஆண் புழு ஒன்றை வெட்டித் திறந்தேன். நூற்புழுவின் விந்தணுவுக்கு வால் கிடையாது. வெறும் உருண்டை. மருந்து ஒரு சொட்டு விட்டதும் ஒரு பக்கம் கால் போல நீண்டது, மெல்ல ஊர்ந்தது. எத்தனை தரம் பார்த்தாலும் வாய் பிளக்கிறேன். வாலை ஏன் கைவிட்டது? ஒருவருக்கும் சரியாகத் தெரியாது. இதுவரை யாரும் பதிவு செய்யாத இந்த இனத்தின் விந்தணு வேறு, நான் பார்த்ததிலேயே பெரிது. ஒன்றைச் செய்ய நாளாகும், ஆனால் பெண்ணுக்குள் போனால் சின்னதைத் தள்ளிவிட்டு இடம் பிடிக்கும்.

அடுத்த மேசை ஷெரின், என் ஜூனியர். இந்தப் புழுவே அவள் கொண்டுவந்தது, கொட்டாஞ்சேனையில் அவள் வீட்டு ஜம்பு மரத்தடியில் அழுகிக் கிடந்த பழத்திலிருந்து. மாலை கேட்டாள்:

"அக்கா, எனக்கும் ஒரு தட்டு தாங்கோவன். வெசாக்குக்கு நாலு நாள் லீவு. ஒண்டு வெளியில, என்னட்ட இருந்தா பாதுகாப்புத்தானே."

"பிறகு பாப்பம்" என்றேன். கொடுத்தால் அவள் முந்தி எழுதிவிடுவாள் என்ற பயம். வேறொன்றுமில்லை.

மே 12, திங்கள். வெசாக்

காலி வீதியில் கூட்டம். தன்சலில் இலவசச் சாப்பாட்டுக்கு நீள வரிசை. நான் வெளியே போகவில்லை. புது இனம் பற்றிய கட்டுரையின் முதல் பக்கம் எழுதினேன். முதல் பெயர் என்னுடையது. ஷெரின், நன்றி சொல்லும் வரியில்.

மே 14, புதன்

எல்லாம் போயிற்று.

லீவில், தட்டுகள் வைத்த இன்கியுபேட்டர் பழுதாகிச் சூடேறிவிட்டது. தட்டெல்லாம் பப்படம் போலக் காய்ந்து கிடக்கிறது. தண்ணீர் விட்டுப் பார்த்தேன். ஒன்றும் அசையவில்லை. உறையவைத்த கையிருப்பும் இல்லை, லீவு முடியச் செய்யலாம் என்றிருந்தேன். படங்கள் இருக்கின்றன. உயிருள்ள புழு இல்லாமல் புது இனம் என்றால் யார் நம்புவார்கள்?

ஷெரின் எட்டிப் பார்த்தாள். ஒரு கோப்பை பிளேன்ரீ கொண்டுவந்து வைத்தாள். ஏசியிருந்தால் தேவலை.

மே 15, வியாழன்

மழை. மறுபடி புழு தேடி ஷெரினுடன் கொட்டாஞ்சேனை. மரத்தடி சுத்தமாக இருந்தது. அவள் அம்மா:

"பழமெல்லாம் முடிஞ்சுது பிள்ளை. கிடந்ததையும் கூட்டி எரிச்சிட்டன். முதலே சொல்லியிருந்தா வச்சிருப்பனே."

கொஞ்சம் மண் அள்ளிக்கொண்டோம். அவ்வளவு பேராசை எனக்கு எங்கிருந்து வந்தது? வெட்கமாக இருக்கிறது.

மே 17, சனி

மண்ணிலிருந்து புழு வந்தது! ஓர் ஆணைத் திறந்தேன். சின்ன விந்தணு, எங்கும் கிடைக்கிற சாதாரண வகை. இது வேறு இனம். எங்கள் இனம் அந்த மரத்தடியில் இனி இருக்கிறதோ இல்லையோ, அடுத்த ஜம்புக் காலம் வரை தெரியாது. என் ஆய்வுப் பணம் அதற்கு முன்பே முடிந்துவிடும்.

ஷெரின் பையை மாட்டிக்கொண்டு நின்றாள். ஆய்வகப் பெரியவருக்குச் சொல்லிவிட்டாளாம், கொசு ஆய்வுக்கு மாறுகிறாள்.

"ஷெரின், நான் செய்தது பிழை. உனக்கு ஒரு தட்டுத் தந்திருக்கோணும். கட்டுரையில உன்ர பேரை முதல்ல போடுறன்."

கோபமே இல்லாமல்தான் சொன்னாள்:

"எதுக்கு அக்கா? அதுதான் புழுவே இல்லையே."