வடகரை மதகுகள் திறந்த செய்தி குறித்து விடுக்கும் ஓலை

நலம் பெருகுக. குறும்பாற்றின் இரு கரையும் விளைக. செம்பொழில் நாட்டை ஆளும் நன்முகைத் தேவியாரின் திருவாக்கின்படி, அமைச்சர் வேள்கீரன், வடமண்டலத் தலைவர் எயினன் சாத்தனார் சமூகத்துக்கு விடுக்கும் ஓலை. தங்கள் கோட்டையும் குடியும் சுற்றமும் சுகமே என நம்புகிறோம்.

மதகு நாயகம் காரிநங்கையைப் பதவியிலிருந்து நீக்க வேண்டும் என்று தாங்கள் எழுதிய ஓலை கிடைத்தது. எள் வயல்கள் மூழ்கியதில் தங்களுக்கு உண்டான சினம் நியாயமானதே. தேவியார் உடனே விசாரிக்கச் சொன்னார்.

காரிநங்கை தென்கரை மதகு நிலையத்துக்கு உரியவள். வடகரை நிலையத்தார் திருவிழாவுக்குப் போயிருந்தபடியால், அன்று அவர்கள் கணினியின் முன் அமர்ந்தாள். முந்தைய நாள் இரு கரை நெல்வயல்களுக்கும் நீர் விட்ட கட்டளை, ‘திற தென்கரை/நெல் வடகரை/நெல்’ என்று திரையில் வந்து நின்றது. வடகரை நெல்லுக்கு இனி நீர் வேண்டாம். ஆகவே சொல் அழிக்கும் விசையை ஒருமுறை தட்டி, கையோடு கட்டளையைச் செலுத்தினாள். அவள் நிலையத்தில் அந்த ஒரு தட்டில் இடைவெளி வரைக்கும் உள்ள முழுப்பெயரும் அழியும்; ஆண்டுக்கணக்கில் பழகிய கை அது. வடகரைக் கணினியிலோ பெயரின் நடுவே உள்ள சாய்கோட்டோடு அழிப்பு நின்றுவிட்டது. ‘வடகரை/’ என்று மிஞ்சியது. அதற்குப் பொருள் வடகரையின் எல்லா மதகுகளும் என்பது; எள் வயல் மதகுகளும் திறந்துகொண்டன. நீர் தேங்கினால் எள் தாங்காது என்பதை எல்லோரும் அறிவோம்.

அவள் சபையில் எதையும் மழுப்பவில்லை. திரையைப் பார்க்காமல் செலுத்தியது தன் பிழைதான், அதற்கான தண்டனையை ஏற்பேன், ஆனால் அந்த விசை ஏன் மாறியது என்பதை மட்டும் தயவுசெய்து கண்டு சொல்லுங்கள், இல்லாவிட்டால் இனி எந்த விசையையும் நம்பித் தொட முடியாது என்று விண்ணப்பித்தாள்.

கண்டோம். சொல் எங்கே முடிகிறது என்பதைக் கணினிக்கு அவரவர் விருப்பப்படி சொல்லிவைக்கலாம், அதில் குற்றமில்லை. சென்ற மாதம் தாங்கள் வடகரை நிலையத்தைப் பார்வையிட வந்தபோது, நீண்ட பெயரில் கடைசித் துண்டை மட்டும் திருத்தப் போய் முழுப்பெயரும் மறைந்ததில் எரிச்சலுற்று, சாய்கோட்டோடு அழிப்பு நிற்கும்படி மாற்றச் சொன்னீர்களாம். தங்கள் கைக்கு அது இதமாகவே இருந்திருக்கும். ஆனால் அதைத் தங்கள் பெயரில் வைக்காமல் எல்லோருக்கும் பொதுவான அமைப்பில் வைக்கச் சொல்லிவிட்டீர்கள். ஒருவருக்கும் அறிவிக்கவில்லை. மண்டலத் தலைவர் சொன்னதை யார் மறுப்பார்?

வயல் மூழ்கிய மறுநாளே காரிநங்கை தனியாக வடகரை உழவர்கள் முன் போய் நின்று, தானே திறந்ததாகச் சொல்லி, ஏச்சு முழுவதையும் வாங்கிக்கொண்டாள். உழவர் தலைவி செங்காணி எமக்குச் சொல்லியனுப்பியது இது: எள் போனதில் வயிறு எரிகிறது, ஆனாலும் இத்தனை காலத்தில் அரசாங்கத்திலிருந்து ஒருவர் வந்து நான்தான் செய்தேன் என்று சொன்னது இதுவே முதல் தடவை, அந்தப் பெண்ணை வேலையைவிட்டு நீக்கினால் நாங்கள் சும்மா இருக்கமாட்டோம்.

ஆகவே தேவியார் ஆணையிடுவதாவது: காரிநங்கை பதவியில் நீடிப்பாள், செலுத்துமுன் திரையை வாசிப்பாள். பொது அமைப்பு பழையபடி ஆகும். தங்கள் விருப்பம் தங்கள் பெயரில் மட்டும் இருக்கும். ஒவ்வொருவர் அமைப்பும் அவர் எந்த நிலையத்தில் அமர்ந்தாலும் கூடவே வரும். உழவர்களுக்கு விதை எள் தங்கள் களஞ்சியத்திலிருந்து தரப்படும்.

இந்த ஓலை கண்டதும் தாங்கள் வடகரைக்குப் புறப்பட்டு, நடந்ததைத் தங்கள் வாயாலேயே உழவர்களுக்குச் சொல்லவும். பல்லக்கு வேண்டாம். சேறு இன்னும் காயவில்லை. தூக்குபவர்களுக்குக் கால் வழுக்கும்.

தேவியார் முத்திரை வைத்தது.