மூக்கு ஒழுகாத அழுகை

அத்தை,

இன்றைக்குச் சாயங்காலம் சேத்தியாத்தோப்பிலிருந்து வரும்போது பஸ்ஸில் என் பக்கத்தில் ஒரு காலேஜ் பெண் உட்கார்ந்திருந்தாள். கையில் போன், காதில் ஒயர், கன்னமெல்லாம் கண்ணீர். யார் வீட்டில் என்ன சாவோ என்று பதறிப்போய் எட்டிப் பார்த்தேன். கொரியா நாடகம். பனி கொட்டுகிறது, வாள்குத்து வாங்கிய ஒருத்தன் ஒருத்தியின் மடியில் கிடக்கிறான். செத்துக்கொண்டிருக்கிறவனுக்குத் தலைமுடி ஒன்றுகூடக் கலையவில்லை.

"அழுவாதம்மா, நாலு நாள்ல எழுந்து வந்துடுவான்" என்றேன்.

"நீங்க முன்னாடியே பாத்துட்டீங்களா ஆன்ட்டி?"

பார்க்கவில்லை. பார்க்க வேண்டிய அவசியமும் இல்லை. நீங்களும் நானும் சேர்ந்து பார்த்த அந்த ஒன்றே இந்த ஜென்மத்துக்குப் போதும்.

அப்போது நமக்குள் பேச்சே கிடையாது, நினைவிருக்கிறதா? பெண்ணாடம் பக்கத்து மங்களூரிலிருந்து உங்கள் வீட்டுக்கு மருமகளாக வந்த இரண்டாவது மாதம் உங்கள் மகன் சிங்கப்பூருக்குத் திரும்பிவிட்டார். செராமிக் எஸ்டேட்டுக்குப் பின்னால் இருந்த அந்த ஓட்டு வீட்டில் மிச்சமானது நாம் இருவர்தான். குழம்பில் உப்பு குறைந்தால் என்னிடம் சொல்ல மாட்டீர்கள், சுவரைப் பார்த்துச் சொல்வீர்கள். நான் தண்ணீர்க் குடத்திடம் பதில் சொல்வேன். பிளஸ் டூ படித்த திமிர் என்று எனக்குப் பெயர் வைத்திருந்தீர்கள். நான் உங்களுக்கு வைத்த பெயரை இப்போதும் எழுத மாட்டேன்.

பீங்கான் பொம்மைக் கம்பெனியில் உங்களுக்குப் பிசிறு சீவுகிற வேலை. அச்சிலிருந்து வரும் பொம்மையின் இரண்டு பக்கமும் ஒட்டுகிற கோட்டைக் கத்தியால் சுரண்டி வழவழப்பாக்க வேண்டும். ஐந்தரைக்கு வீட்டுக்கு வந்து, முழங்கை வரை படிந்த வெள்ளை மண்ணைக் கழுவிவிட்டு, டீயோடு டிவி முன்னால் உட்காருவீர்கள். ஒருநாள் கேபிள்காரர் எந்தச் சேனலையோ எடுத்துவிட்டு எதையோ போட்டுவிட்டார். நீங்கள் வழக்கமாகப் பார்க்கும் தொடர் வரவேண்டிய இடத்தில், பட்டுத்துணி சுற்றிய ஒரு பெண் மலைமுகட்டில் நின்றுகொண்டு யாருக்கும் புரியாத பாஷையில் அழுதுகொண்டிருந்தாள். கீழே இங்கிலீஷ் எழுத்து ஓடியது.

நீங்கள் ரிமோட்டைத் தட்டிப் பார்த்தீர்கள். அது வேலை செய்து பல மாதம் ஆகியிருந்தது. எழுந்து போய் மாற்றச் சோம்பல். சுவரைப் பார்த்து, "என்னா சொல்றாளாம் அவ?" என்று கேட்டீர்கள்.

கல்யாணமாகி ஆறு மாதத்தில் அதுதான் நீங்கள் என்னிடம் கேட்ட முதல் கேள்வி.

எழுத்துக் கூட்டிப் படித்துச் சொன்னேன். அவள் மனுஷியே இல்லை, ஒரு நாரை. தொள்ளாயிரம் வருஷமாக ஆற்றங்கரையில் வாழ்கிற நாரை. இளவரசன் ஒருத்தன்மேல் ஆசைப்பட்டுப் பெண்ணாக மாறிவிட்டாள். நீங்கள் டீயை உறிஞ்சிவிட்டுச் சொன்னீர்கள்: "நாரையா? நான் பொறந்து வளந்தது வெள்ளாத்தங்கரை. நாரை எப்பிடி நிக்கும், எப்பிடித் திரும்பும்னு எனக்குத் தெரியாதா? இவ பஸ்ஸுக்கு நிக்கிறவ மாதிரி நிக்கிறா."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டேன். உங்கள் பேச்சுக்குச் சிரிப்பது தோற்றுப்போவது மாதிரி இருந்தது.

அடுத்த நாளும் அதே நேரம் உட்கார்ந்தோம், அதற்கடுத்த நாளும். அந்த நாடகத்தை நாம் பார்த்தது பிடித்துப்போய் அல்ல. காறித் துப்பத்தான். அவ்வளவு மட்டமான கதையை அவ்வளவு செலவு செய்து யாரும் எடுத்திருக்க மாட்டார்கள். கதை எங்கே மாட்டிக்கொள்கிறதோ அங்கே ஒரு கிழவர் புகையிலிருந்து வெளியே வருவார், ஒரு நீலக்கல்லை நீட்டுவார், சிக்கல் தீர்ந்துவிடும். அரண்மனைக்குள் எதிரி புகுந்தால் நீலக்கல். இளவரசனுக்கு விஷம் வைத்தால் நீலக்கல். "கதை மாட்டிக்கிட்டா மந்திரம் வந்துடும், யோசிக்கிற வேல மிச்சம்" என்பீர்கள். நாரைப் பெண்ணுக்கு இருந்ததே இரண்டு முகம்தான். ஒன்று கண்ணை அகல விரிப்பது, இன்னொன்று விரித்த கண்ணில் தண்ணீர் விடுவது. "எங்க கம்பெனியில ஒரே அச்சுல நூறு பொம்ம வாக்குறோம். அதுல ஒண்ண எழுப்பி நடக்க வுட்டிருக்கான்" என்றீர்கள். அவள் உச்சக்கட்டமாக வாயைத் திறக்கிற நேரம் பார்த்துக் கரண்டு போகும். "கரண்டு ஆபீஸுல எவனோ நல்ல ரசிகன் இருக்கான்" என்று இருட்டிலிருந்து உங்கள் குரல் வரும்.

எல்லாவற்றையும்விட இளவரசன். அவன் அழுவதற்காகவே எழுதப்பட்ட பாத்திரம். அப்பா செத்தால் அழுவான், குதிரை செத்தால் அழுவான். அழும்போதெல்லாம் பார்வை மட்டும் கொஞ்சம் பக்கவாட்டில் போய் வரும். நான் கவனித்ததே இல்லை, நீங்கள்தான் காட்டினீர்கள். "பாரு, பாரு. தான் அழுவுறத எவனாவது பாக்குறானான்னு பாக்குறான். நெசமா அழுவுறவனுக்கு அந்த நெனப்பு இருக்குமா? மூக்காவது ஒழுவுதா பாரு. ஒரு சொட்டு?"

ஒருநாள் நான் ஒரு அயோக்கியத்தனம் செய்தேன். மூத்த ராணி சின்ன ராணியைத் திட்டும் காட்சி. கீழே ஓடிய எழுத்தை விட்டுவிட்டு என் மனசிலிருந்ததைப் படித்தேன்: "நான் இந்த வீட்டுக்கு வந்த நாளா என்னைய ஒரு வேலைக்காரியாத்தான நடத்துறீங்க, ஒரு வார்த்த நல்லதா பேசியிருக்கீங்களா?" நீங்கள் திரும்பாமலே கேட்டீர்கள், "திட்டுறது கெழவி. சின்னவ வாயே தொறக்கல. பேசுனது யாருடி?"

நீங்கள் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "நீ அவளவிட நல்லா நடிக்கிற" என்றீர்கள். அன்று ராத்திரிச் சோற்றுக்குக் கருவாடு வறுத்து என் தட்டில் முதலில் வைத்தீர்கள். அதன் பிறகு சுவரும் குடமும் நமக்குத் தேவைப்படவில்லை.

அந்த நாடகம் பாதி ஓடியிருக்கும்போது உங்கள் மகன் சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றார். மதிய நேரம். உங்களுக்கு வார விடுமுறை. பெட்டியைக்கூடத் திறக்கவில்லை. உங்கள் காலடியில் உட்கார்ந்து ஓவென்று அழுதார். ஜோசியர் சொல்லிவிட்டாராம். எங்கள் இரண்டு பேர் ஜாதகமும் இரண்டு வருஷத்துக்கு ஒரே வீட்டில் இருக்கக் கூடாதாம், இருந்தால் அவர் உயிருக்கு ஆபத்தாம். நான் மங்களூரில் என் அம்மா வீட்டில் போய் இருக்க வேண்டுமாம். "ரெண்டே வருஷம்தாம்மா. அப்புறம் நானே வந்து கூட்டிக்கிறேன்."

ஒரு அம்மாவிடம் மகன் உயிர் என்று சொன்ன பிறகு மருமகள் கேட்க என்ன இருக்கிறது? உள்ளே போய்ப் பையில் நான்கு புடவையை அடைத்தேன். இரண்டு வருஷம் என்பது இரண்டு வருஷம் இல்லை என்று எனக்குத் தெரியும். அங்கே போனால், வாழாவெட்டி என்று ஊர் சொல்லும்; என் அண்ணி முகத்துக்கு நேராகவே சொல்வாள். பையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்து, "போயிட்டு வரேன் அத்தை" என்றேன்.

நீங்கள் என்னைப் பார்க்கவில்லை. அவரையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

"எந்த ஜோசியருடா?"

"பெண்ணாடத்துல ஒருத்தரும்மா."

"எப்ப பாத்த?"

"போன வாரம்."

"போன வாரம் நீ சிங்கப்பூர்லல்ல இருந்த?"

"போன்ல... போன்ல கேட்டேம்மா." மறுபடியும் அழ ஆரம்பித்தார். முகத்தைக் கையில் புதைத்துக்கொண்டு அழுதார். விரல் சந்து வழியாக அவர் கண் என் பையைப் பார்த்துவிட்டு உங்கள் முகத்துக்குப் போனதை இந்த முறை நானே பார்த்தேன்.

நீங்கள் ரொம்ப அமைதியாகச் சொன்னீர்கள். "கைய எடுடா. எடுத்துட்டு இன்னொரு தரம் அழுவு, பாக்குறேன்."

அவர் கையை எடுத்தார். அழுகை வரவில்லை. கண் சிவந்திருந்தது, தேய்த்த சிவப்பு. மூக்கு உலர்ந்து கிடந்தது.

"அங்க யாரு இருக்கா?" என்று கேட்டீர்கள்.

அவர் கத்தினார். பெற்ற மகனை நம்பாமல் எங்கிருந்தோ வந்தவளை நம்புகிறாயா என்றார். நான் செத்தால் அப்போது தெரியும் என்றார். கொரியாக்காரன்கூட இதைவிடக் கொஞ்சம் நன்றாக எழுதியிருப்பான். நீங்கள் எழுந்து என் கையிலிருந்த பையை வாங்கி உள்ளே கொண்டுபோய்க் கட்டிலுக்கு அடியில் தள்ளினீர்கள். வெளியே வந்து அவர் பெட்டியை எடுத்து வாசலில் வைத்தீர்கள். "அவ இங்கதான் இருப்பா. ஆபத்து உனக்குத்தான? நீ தள்ளி இரு."

அவர் போய்விட்டார். இரண்டு மாதம் கழித்து, அவரோடு அங்கே வேலை பார்த்த கம்மாபுரத்துக்காரர் ஒருத்தர் வந்து விஷயத்தைச் சொன்னார். அங்கே அவருக்கு ஒரு பெண், அந்தப் பெண்ணுக்கு ஒரு வயதில் குழந்தை. நமக்கு அது செய்தியாகவே இல்லை. வந்தவருக்கு டீ போட்டுக் கொடுத்தோம்.

ஆனால் அவர் போன அன்றைக்குச் சாயங்காலம் நடந்ததை நான் யாரிடமும் சொன்னதில்லை. வழக்கமான நேரத்துக்கு டிவியைப் போட்டீர்கள். இளவரசன் செத்து மூன்றாவது முறையாக எழுந்து வந்தான். பனிப்புகை விலக, வெள்ளை உடுப்பில், சவரம் செய்த முகத்தோடு. அவனுடைய அம்மா ராணி கையை விரித்து ஓடி வந்தாள். நீங்கள் எழுந்து பின்பக்கம் போனீர்கள். துவைக்கிற கல்லின் மேல் உட்கார்ந்து நீங்கள் அழுத சத்தத்தை நான் கேட்டேன். அது அழகாக இல்லை. மாடு இருமுவது மாதிரி இருந்தது. பக்கத்தில் வந்து நிற்கவும் முடியவில்லை, உள்ளே இருக்கவும் முடியவில்லை.

திரும்பி வந்தபோது முகமே வீங்கியிருந்தது. முந்தானையால் மூக்கைச் சிந்திக்கொண்டே, "என்னாடி பாக்குற? மூக்கு ஒழுவாம அழுவ இது என்னா கொரியாவா? அவன் என்னா சொல்றான், படி" என்றீர்கள்.

படித்தேன். "அம்மா, நான் உங்களை விட்டு எங்கேயும் போகவில்லை" என்று எழுதியிருந்தது. நான் அதைச் சொல்லவில்லை. "பசிக்குதுன்னு சொல்றான் அத்தை" என்றேன். நீங்கள் கண்டுபிடித்திருப்பீர்கள். ஆனால் அன்றைக்கு எதுவும் சொல்லவில்லை.

நாடகத்தின் முடிவு அதன் யோக்கியதைக்கு ஏற்றபடியே இருந்தது. செத்தவர்கள் எல்லோரும் பிழைத்தார்கள். கெட்டவர்கள் எல்லோரும் ஒரே காட்சியில் மனம் திருந்தினார்கள். "த்தூ" என்றீர்கள். "செத்தவன எழுப்புறவனுக்குச் சாவுன்னா என்னான்னு தெரியல. திருந்துனவனக் காட்டுறவனுக்கு மனுசன்னா என்னான்னு தெரியல." இத்தனை வருஷத்தில் எத்தனையோ விமர்சனம் படித்துவிட்டேன், அத்தை. இவ்வளவு சுருக்கமாக யாரும் எழுதி நான் பார்த்ததில்லை.

அதற்குப் பிறகு நீங்கள்தான் என்னைக் கம்பெனிக்குக் கூட்டிப்போனீர்கள். உங்களுக்கு எதிர் பெஞ்சில் உட்கார்ந்து நானும் பிசிறு சீவினேன். யாராவது, "மவளா?" என்று கேட்டால் நீங்கள் இல்லை என்றும் சொன்னதில்லை, ஆமாம் என்றும் சொன்னதில்லை. உங்கள் மகன் பேச்சை இரண்டு பேரும் எடுத்ததில்லை. அவர் போன் செய்ததும் இல்லை.

உங்கள் சாவுக்கு அவர் வந்தார். வாடகைக் காரில் வந்து இறங்கியதுமே ஆரம்பித்துவிட்டார். நெஞ்சில் அறைந்துகொண்டார், உங்கள் காலைக் கட்டிக்கொண்டு புரண்டார். சொந்தக்காரர்கள் எல்லோரும் அவரைத் தாங்கிப் பிடித்தார்கள். என்ன இருந்தாலும் பெத்த புள்ள என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். நான் ஒரு ஓரமாக நின்றேன். எனக்கு அழுகை வரவில்லை. கல்நெஞ்சக்காரி என்று என் காதுபடவே பேசினார்கள். அவர் அழுகையில் எத்தனை பங்கு நிஜம், எத்தனை பங்கு கூட்டத்துக்கு என்று நான் நின்ற இடத்திலிருந்து எடை போட்டுக்கொண்டிருந்தேன். நீங்கள் பழக்கிவிட்ட புத்தி.

எல்லாம் முடிந்து, கூட்டம் கலைந்த பிறகு, அவர் தனியாக என்னிடம் வந்தார். அப்போது அழவில்லை. வயதாகியிருந்தது. முன்பக்கம் முடி கொட்டியிருந்தது. என் முகத்தைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக் கேட்டார்.

"அம்மா கடைசியா என்னப் பத்தி ஏதாவது சொன்னாங்களா?"

மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது. அவர் அதைத் துடைக்கக்கூட இல்லை.

"ஒண்ணும் சொல்லல" என்றேன்.

தலையை ஆட்டிக்கொண்டு போய்விட்டார்.

ஆஸ்பத்திரியில் கடைசி மூன்று நாளும் நீங்கள் என்னை அவர் பெயர் சொல்லித்தான் கூப்பிட்டீர்கள், அத்தை. என் கையைப் பிடித்துக்கொண்டு, "வெயில்ல அலையாதடா, உனக்கு ஒத்துக்காது, மூக்குல ரத்தம் வரும்" என்றீர்கள். மூன்று நாளும் அதே வார்த்தை. நானும் ஒவ்வொரு முறையும், "சரிம்மா" என்றேன்.

அது அவருக்குப் போய்ச் சேர வேண்டிய வார்த்தை. இன்னும் என்னிடமே இருக்கிறது.