பட்டை விலகினால் சிவப்பு விளக்கு

1953 மார்ச் 9, திங்கள்

காலை எட்டு மணிக்கே வெயில். பருத்தி சுமக்கும் பட்டைக்கு ஒட்டுப் போடும் நாள். மில் நிறுத்தம்.

இன்று நடந்த கேவலத்தை முதலில் எழுதிவிடுகிறேன். ரப்பர் பசை தடவிய பலகையை ஓரமாக வைத்தவனும் நான்தான், அதை மறந்து அதன்மேல் உட்கார்ந்தவனும் நான்தான். மு. உள்ளே வந்தார். (மு. என்றால் முதலாளி. முழுசாக எழுதினால் இந்த நோட்டுக்குள்ளேயே எழுந்து நிற்கத் தோன்றுகிறது.) மரியாதையாக எழுந்தேன். பலகையும் கூடவே எழுந்தது. பட்டை ஓரம் தூசி பொறுக்கும் பதினொரு பெண்களும் முந்தானையால் வாயைப் பொத்தினார்கள். அவர்களில் வாய்க்காரி மாரியம்மாள் பொத்தவில்லை.

“ஒட்டு நல்லாப் பிடிச்சிருக்கு அண்ணாச்சி. வீட்டுக்கும் இப்பிடியே போங்க, அக்கா சந்தோசப்படுவா.”

மு. திரும்பி நின்று இருமினார். அது இருமல் இல்லை.

வேட்டி போச்சு. மண்ணெண்ணெய் போட்டு உரசியும் போகவில்லை. ஆனால் ஒட்டு பிரமாதம்.

மார்ச் 11, புதன்

பட்டை ஓடுகிறது. சரக்குக் கிட்டங்கியிலிருந்து பருத்தியை அரவை எந்திரம் வரைக்கும் சுமந்துபோகிற நீளப் பட்டை. கான்வாஸ் துணி, மேலே ரப்பர். அதன் கஷ்டம் ஒன்றே ஒன்று: சூடு ஏறினால் ஒரு பக்கமாக ஒதுங்கும், குடித்தவன் நடப்பதுபோல. ஒதுங்கினால் ஓரம் மடங்கும். மடங்கினால் பக்கத்தில் இருக்கிற துணி, முந்தானை, கை எதையும் உருளைக்குள் இழுத்துக்கொள்ளும்.

முன்பெல்லாம் நான் பட்டையைப் பார்க்கவே வேண்டியதில்லை. ஒட்டு உருளையைத் தாண்டும்போது ‘டப்’. ஓரம் உரசினால் மெல்லிசாக ஒரு ‘சர்’. எங்கே நின்றாலும் தெரியும். அந்தக் காதுக்காகத்தான் பழைய முதலாளி, மு.வின் அப்பா, என்னை மேஸ்திரி ஆக்கினார்.

போன வருஷம் ‘சர்’ போயிற்று. தீபாவளிக்கு அப்புறம் ‘டப்’பும் போயிற்று. மில் நிற்கும்போது பேச்சு கேட்கிறது. ஓடும்போது எல்லாம் ஒரே இரைச்சல், கடலுக்குள் தலையை முக்கியதுபோல. யாரிடமும் சொல்லவில்லை. இங்கே எழுதுகிறேன், அவ்வளவுதான்.

அதனால்தான் விளக்கு. பட்டையின் இரண்டு ஓரத்திலும் நூல் சுற்றுகிற மரக்கட்டை ஒன்று. பட்டை ஒதுங்கினால் கட்டையைத் தள்ளும். கட்டை தகட்டைத் தொடும். தூணில் சிவப்பு விளக்கு எரியும். ஒன்பதாம் வகுப்போடு நிறுத்தியவன் செய்தது.

மு.வுக்கு அந்த விளக்கின்மேல் ஒரே பெருமை. ஊர் மில்காரர்களை எல்லாம் கூட்டிவந்து காட்டுகிறார். “பேட்டண்டு எழுதிப் போடுவோம் வே. ஒம்ம பேருதான் மேல.” வந்த ஒருவர் என் முதுகில் தட்டினார். நல்ல மனுஷன். வேட்டிக்கறையைப் பார்க்கவில்லை.

மார்ச் 12, வியாழன்

மதராஸிலிருந்து பட்டை விற்கிற ஆள். கையில் பெட்டி, கழுத்தில் டை, டைக்குக் கீழே வேர்வை. கறுப்பாக ஒரு ரப்பர் துண்டை மேஜைமேல் போட்டார்.

“இது மரத்துப் பால் இல்லை சார். கரி, சுண்ணாம்பு, உப்பு. அதுலேருந்து வாயு எடுத்து, வாயுலேருந்து ரப்பர்.”

கரி, சுண்ணாம்பு, உப்பு மூன்றும் என் வீட்டிலும் இருக்கிறது. பல்லுதான் விளக்கியிருக்கிறோம். ரப்பர் வந்ததில்லை.

தீக்குச்சி கிழித்துத் துண்டில் பிடித்தார். கருகியது. குச்சியை எடுத்ததும் அணைந்துவிட்டது. பஞ்சு மில்லில் இது பெரிய விஷயம். எண்ணெயிலும் ஊறாதாம். எப்படி என்று கேட்டேன். சொன்னார், நோட்டில் ஒரு படமும் போட்டார். சின்னச் சின்னத் துணுக்குகள் கைகோத்து நீளச் சங்கிலி. அதுபோல ஆயிரக்கணக்கான சங்கிலி பக்கத்தில் பக்கத்தில். சும்மா விட்டால் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கும், வெயிலில் பிசுபிசுக்கும். மருந்து போட்டுச் சூடாக்கினால் குறுக்கே முடிச்சு விழும். அப்புறம் இழுத்தாலும் பழைய இடத்துக்கு வந்துவிடும். மரத்து ரப்பருக்குக் கந்தகம், இதற்கு வேறு மருந்து.

பாதி புரிந்தது. பலகையில் ஒட்டியது முடிச்சு விழாத ஜாதி என்பது முழுசாகப் புரிந்தது.

பிறகு விளக்கைப் பார்த்தார். தாடையைத் தடவினார். “நல்ல ஐடியா. ஆனா ஏன் விளக்கு? மணி வெச்சா போதுமே. விளக்குன்னா ஒருத்தர் அதையே பார்த்துட்டு நிக்கணும்.”

“மில் இரைச்சல்ல மணி எங்க சார் கேக்கும்?” என்றேன்.

“பெரிய மணியா வைங்க.”

மு. என்னைப் பார்த்தார். நியாயமான யோசனைதானே என்கிற பார்வை. துண்டை என்னிடமே விட்டுப்போனார் அந்த ஆள்.

மார்ச் 13, வெள்ளி

எழுதவே கை வரவில்லை. ஆனால் எழுதணும்.

காலை பதினொன்று சுமார். தூணுக்கு முதுகைக் காட்டி நின்று அந்தக் கறுப்புத் துண்டை இழுத்து இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். இழுப்பேன், விடுவேன், அளப்பேன். திரும்பி வந்துவிடுகிறது! குழந்தைபோல நின்றேன்.

யாரோ ஒருத்தி என்னை இடித்துக்கொண்டு ஓடினாள். அப்போதுதான் திரும்பினேன். விளக்கு எரிகிறது. எவ்வளவு நேரமாக எரிகிறதோ. பட்டை மடங்கி, மாரியம்மாள் இடது கை மணிக்கட்டுவரை உருளை ஓரத்தில். ஓடினவள் கடைசிவரை போய் சுவிட்சை அணைத்தாள். சுவிட்சு அவ்வளவு தூரத்தில் இருப்பதும் என் வேலைதான்.

எலும்பு முறியவில்லை. தோல் உரிந்துவிட்டது. வளையல் எல்லாம் நொறுங்கிப் பருத்தியில் கிடந்தது. பச்சைக் கண்ணாடி. அரவைக்குள் போய்விடக்கூடாது என்று நான் பொறுக்கினேன். மற்றவர்கள் அவளைப் பார்த்தார்கள், நான் வளையலைப் பொறுக்கினேன்.

மு. ஓடிவந்தார். “நீரு எங்க வே இருந்தீரு?”

“பின்கட்டுல. எண்ணெ விட்டுக்கிட்டு இருந்தேன்.”

வாயிலிருந்து வந்துவிட்டது. நின்றது அவளுக்குப் பத்தடியில். மாரியம்மாள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. அவளா ஒன்றும் சொல்லாதவள்!

“விளக்கு எரியுது, இவ கைய எடுக்கல. கவனம் இல்லாதவள பட்டைப் பக்கம் விடப்பிடாது” என்றார் மு. அவளை முற்றம் பெருக்குகிற வேலைக்கு மாற்றிவிட்டார்.

மார்ச் 14, சனி

சோற்றைப் பாதியில் தள்ளிவைத்தேன். பேச்சி (என் வீட்டுக்காரி) வேட்டிக் கறைக்காகத்தான் முகம் இப்படி இருக்கிறது என்று நினைத்து, புது வேட்டி எடுத்துவைத்தாள்.

மகள் கோமதிக்கு அடுத்த வருஷம் பள்ளிக்கூடம் முடிகிறது. பாளையங்கோட்டையில் டீச்சர் டிரெயினிங் போகணும் என்கிறாள். என் வேலை இருந்தால் போவாள். இல்லையென்றால் இல்லை. கணக்கு அவ்வளவுதான். காது கேட்காத மேஸ்திரியை எந்த மில் வைத்துக்கொள்ளும்? நானே வைத்துக்கொள்ள மாட்டேன்.

கோமதி இப்போதெல்லாம் என் முகத்துக்கு நேரே வந்து நின்றுதான் பேசுகிறாள். வாத்தியார்த்தனம் இப்போதே வந்துவிட்டது என்று கேலி செய்வேன். இன்று கேலி செய்ய வாயெடுத்தேன், நிறுத்திவிட்டேன். எத்தனை நாளாக அப்படி நிற்கிறாள்?

மார்ச் 16, திங்கள்

மணி வாங்க மு. உத்தரவு. தேவையானவை: மின்சார மணி பெரியது 1, கம்பி, ஆணி, பீங்கான் குமிழ் 4. கடைக்காரர் மணியை அடித்துக் காட்டினார். “எப்பிடி?” என்றார். “பிரமாதம்” என்றேன். ஏதோ வண்டு பறந்ததுபோல இருந்தது.

வழியில் புளியங்குடி பஸ். எலுமிச்சை மூட்டை வாசனை. அது மட்டும் இன்னும் நன்றாகத் தெரிகிறது. மூக்குக்கு ஒரு குறைவும் இல்லை.

மாரியம்மாள் முற்றத்தில் ஒற்றைக் கையால் பெருக்குகிறாள். நான் சுற்றிக்கொண்டு பின்வாசல் வழியாகப் போனேன்.

மார்ச் 18, புதன்

மணி கட்டியாச்சு. மில் ஓட, சோதனை. கம்பால் பட்டையைக் கொஞ்சம் தள்ளினேன். பெண்கள் எல்லோரும் காதைப் பொத்தினார்கள். நானும் பொத்தினேன், ஒரு நொடி தாமதமாக. மு.வுக்குத் திருப்தி. போய்விட்டார். வாசலில் வாரியலோடு மாரியம்மாள் பார்த்துக்கொண்டே நின்றாள்.

கம்பி கொஞ்சம் தொய்வாக இருந்தது. கழற்றி இறுக்கிக் கட்டலாம் என்று கீழே குனிந்து நிமிர்ந்தேன். பதினொரு பேரில் மிச்சமிருந்த பத்துப் பேரும் மறுபடி காதைப் பொத்திக்கொண்டு நின்றார்கள். வாசலில் மாரியம்மாளும். நானும் அவசரமாகப் பொத்தினேன். முகத்தைக்கூடச் சுளித்தேன். “போதும், போதும், யாரு அடிக்கா!” என்று கத்தினேன்.

ஒருத்தியும் சிரிக்கவில்லை. கையை இறக்கினார்கள்.

அப்புறம்தான் என் கையைப் பார்த்தேன். மணிக்கம்பி என் கையில் இருந்தது. நானே கழற்றிய கம்பி. அது இல்லாமல் மணி எங்கே அடிக்கும்?

மத்தியானம் மில் நின்றதும் மாரியம்மாள் வந்தாள். கட்டுப் போட்ட கையை முந்தானைக்குள் வைத்திருந்தாள்.

“அன்னைக்கு மூணு மட்டம் கூப்புட்டேன். நீங்க இங்கனதான் நின்னீங்க. திரும்பல. மேஸ்திரிக்கு நம்ம கையின்னா அவ்வளவு எளக்காரமான்னு நெனச்சு நெனச்சு வயிறெரிஞ்சேன். கேக்கலயா ஒங்களுக்கு?”

கேட்கவில்லை என்று தலையை ஆட்டினேன்.

“எம்புட்டு நாளா?”

“தீபாவளியிலருந்து.”

“சொல்லப்பிடாதா?”

“சொன்னா வீட்டுக்கு அனுப்பிருவாங்க மாரியம்மா. பிள்ள படிக்கா.”

“என் கையில வாரியலக் குடுத்துட்டீங்களே. எனக்கும்தான் பிள்ளைக இருக்கு.”

பிறகு பட்டையைக் காட்டினாள். “நாங்க ஒண்ணும் வெளிய சொல்ல மாட்டோம். ஆனா மணி அடிச்சு என்ன ஆவப்போவுது? சுச்சு அந்தா கெடக்கு. கை உள்ள போனவ அங்கன ஓடுவாளா?”

இது எனக்கு ஏன் தோன்றவில்லை? என் காதுக்குப் பதில் என்ன என்று மட்டுமே இத்தனை மாதமாக யோசித்திருக்கிறேன். பட்டை பக்கத்தில் உட்காருகிறவள் என்ன செய்வாள் என்று ஒரு நாளும் இல்லை. பேட்டண்டாம்!

மார்ச் 19, வியாழன்

கயிறு. பட்டை நெடுக, உட்கார்ந்தால் கை எட்டுகிற உயரத்தில். எங்கே பிடித்து இழுத்தாலும் சுவிட்சு விழணும். கயிறு தொங்காமல் இருக்க வளையம். பட்டையை மட்டும் ஓட்டிப் பார்த்தேன், மில் நின்ற நேரத்தில். முதல் தடவை சுவிட்சோடு பலகையும் பெயர்ந்து வந்தது. இரண்டாம் தடவை சரி. பத்துப் பேரும் ஆளுக்கொரு தடவை இழுத்துப் பார்த்தார்கள். திருவிழா போல இருந்தது. “இன்னும் கொஞ்சம் எறக்குங்க அண்ணாச்சி, நான் குட்டை” என்றாள் ஒருத்தி. இறக்கினேன்.

மாரியம்மாளுக்கு உள்ளே வர அனுமதி இல்லை. வாசலிலிருந்து பார்த்தாள்.

நாளைக்கு மு.விடம் பேசணும். இரண்டு விஷயம்: கயிறு, அவள் இடம்.

மார்ச் 20, வெள்ளி

மத்தியானம், மில் நின்றபின், மு. அறை. அங்கே அமைதி. எல்லாம் நன்றாகக் கேட்டது, அதுதான் கஷ்டம்.

கயிறு பற்றிச் சொன்னேன். “பொம்பளைக கையில மில்ல நிறுத்துற கயித்தக் குடுக்கவா? கத பேச நிறுத்துவாளுக வே.” கை போனால் கதை பேசவும் ஆள் வராது என்றேன். யோசித்தார். சரி, பார்ப்போம் என்றார்.

அப்புறம் மாரியம்மாள் விஷயம்.

“அன்னைக்கு நான் பின்கட்டுல இல்ல முதலாளி. பொய் சொன்னேன். அவளுக்குப் பத்தடியிலதான் நின்னேன். மதராஸ்காரர் குடுத்த ரப்பரப் பாத்துக்கிட்டு. விளக்கையும் பாக்கல. அவ மேல தப்பு இல்ல. கூப்புட்டிருக்கா, மூணு மட்டம்.”

மு. பேனாவை மூடினார்.

“சரி, ரப்பரப் பாத்தீரு. ஒருத்தி மூணு மட்டம் கத்துதா. ஒம்ம காதுக்கு விழாமயா போகும்? எங்கப்பா சொல்லுவாரு, எறும்பு ஊருனாலும் கேக்குத காதுன்னு.”

ஜன்னலுக்கு வெளியே வாரியல் சத்தம் நின்றுவிட்டது. அதுகூடக் கேட்டது.

“விழுந்துது முதலாளி. எவளோ வெளையாடுதான்னு நெனச்சு இருந்துட்டேன்.”

ரொம்ப நேரம் என்னைப் பார்த்தார். முன்னே பின்னே பார்க்காத ஆளைப் பார்ப்பதுபோல. “நீரு இப்பிடிப்பட்ட ஆளுன்னு நான் நெனைக்கல வே” என்றார். திங்கட்கிழமையிலிருந்து மாரியம்மாள் பட்டைக்கு வரட்டும் என்றார். கயிறு இருக்கட்டும் என்றார். பேட்டண்டு மனுவை இழுத்து, மேலே இருந்த என் பேரை ஒரு கோடு போட்டு அடித்தார். நியாயம்தான்.

வெளியே வந்தேன். மாரியம்மாள் வழியில் நின்றாள். எல்லாம் கேட்டிருக்கிறாள். “எதுக்கு அண்ணாச்சி அப்பிடிச் சொன்னீங்க?” என்றாள், என் முகத்துக்கு நேரே நின்று.

திங்கட்கிழமை சீக்கிரம் வா, கயிற்றை உன் உயரத்துக்குக் கட்டணும் என்றேன்.

கல்நெஞ்சன் என்று பேர் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். காதில் விழவே இல்லை என்பதை மட்டும் சொல்லவில்லை.