நீலக் கதவு வீடு

பாகூர்
14.10.2025

அன்பு மாமாவுக்கு,

உங்கள் மனைவி வினோதினி எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். நீங்கள் நலமா என்று இந்தத் தடவை வழக்கத்துக்காகக் கேட்கவில்லை. தினமும் போனில் பேசுகிறவள் எதற்குக் கடிதம் போடுகிறாள் என்று திகைக்க வேண்டாம். போனில் நீங்கள் அந்தப் பாரிஸ் மேட்டுத் தெருவின் பழைய ஓவியர்களைப் பற்றி ஆரம்பித்தால், எனக்கு முறை வருவதற்குள் உங்கள் ஹோட்டல் வேலைக்கு நேரமாகிவிடுகிறது. கடிதத்தில் நீங்கள் குறுக்கே பேச முடியாது.

ஏரியில் பாதிக்கு மேல் தண்ணீர் நிற்கிறது. உங்கள் அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. இப்போது என் சாம்பாரில் எத்தனை பருப்பு வேகவில்லை என்று எண்ணிச் சொல்லும் அளவுக்குப் பார்வை தெளிவு. என் அப்பாவும் அவருடைய வில்லியனூர்ப் பாத்திரக் கடையும் எப்போதும்போலத்தான்.

எப்போதும்போல என்று எழுதிவிட்டேன், ஆனால் அப்படி இல்லை. பாரிஸ் போன முதல் வாரம் ஒரு போட்டோ அனுப்பினீர்களே, கொடி படர்ந்த சுவர், நீலக் கதவு, அதன் முன்னால் நீங்கள். "வந்து சேர்ந்துவிட்டேன்" என்று மட்டும் எழுதியிருந்தீர்கள். அப்பா அதைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டுக் கல்லாவுக்கு மேலே மாட்டினார். குடம் வாங்க வருகிறவர்களிடமெல்லாம் மாப்பிள்ளை வீடு என்று காட்டினார். நீங்களும் இல்லை என்று சொல்லவில்லை. என்னை எப்போது அழைத்துக்கொள்வீர்கள் என்று கேட்டபோதெல்லாம் மேல்மாடியில் வேலை நடக்கிறது என்றீர்கள். மூன்று வருஷமாக நடக்கிறது அந்த வேலை.

போன மாதம் அப்பாவின் தங்கை வசந்தா அத்தை பத்து நாளில் ஏழு நாடு சுற்றும் டூரில் அங்கே வந்தார் அல்லவா? தேதி சொன்னவுடன், அந்த வாரம் வெளியூரில் வேலை என்று சொல்லிவிட்டீர்கள். கைடு அவர்களை அந்த மேட்டுக்கு அழைத்துப் போயிருக்கிறார். அத்தைக்கு நீலக் கதவு தெரிந்துவிட்டது. வரிசையில் நின்றவர்களைத் தள்ளிக்கொண்டு போய்க் கதவைத் தட்டியிருக்கிறார். காவலாளி தடுத்ததும் தமிழிலேயே சண்டை. அது என்றோ செத்துப்போன ஓவியர் ஒருவரின் வீடு, இப்போது மியூசியம் என்று கைடுதான் ஓடி வந்து விளக்கினாராம். திரும்பி வந்து கடை நிறைய ஆட்கள் இருக்கும்போது அத்தை சொன்னார்: "இன்னாடி வினோ, ஒம் புருசன் வூட்டுக்குள்ள போவறதுக்கு டிக்கெட் கேக்குறானுங்க!"

எல்லோரும் சிரித்தார்கள், நானும்தான். அப்பா மட்டும் ஸ்டூலில் ஏறிப் படத்தைக் கழற்றி உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டு, வந்தவருக்குச் சொம்பு எடைபோட ஆரம்பித்தார். இதுவரை என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

இரண்டு நாள் உங்கள் மேல் கொதித்துக்கொண்டிருந்தேன். அந்த இரண்டு நாளும் போனில் தலைவலி என்று சொன்னது பொய். நீங்கள் மட்டும்தான் பொய் சொல்ல வேண்டுமா?

மூன்றாம் நாள் நீங்கள் சொன்னதையெல்லாம் ஒவ்வொன்றாக யோசித்தேன். நூறு வருஷம் தாமதமாக வந்துவிட்டேன் வினோ என்பீர்கள். ஓவியர்கள் கூடிச் சண்டை போட்ட கடையில் இன்று செல்போன் உறை விற்கிறான், அந்தத் தெருவில் இன்று ஒரு ஓவியன்கூட வாடகை கொடுத்து இருக்க முடியாது என்பீர்கள். லீவு நாளெல்லாம் அங்கேதான் போய் நிற்கிறீர்கள். இங்கே பள்ளிக்கூடத்தில் டிராயிங் மாஸ்டராக இருந்தபோதே நீங்கள் அந்தப் பழைய பாரிஸில்தான் குடியிருந்தீர்கள். எனக்கும் கேட்கப் பிடிக்கும். யார் எந்த ஜன்னலோரம் உட்கார்ந்து வரைந்தார் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். ஆனால் உங்கள் அறைக்கு ஜன்னல் இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது.

குளிர்காயக் கரி வாங்க முடியாமல் கோட்டோடு படுத்த ஓவியர், ஒரு சூப்பை மூன்று வேளைக்கு வைத்துக் குடித்த ஓவியர் என்று சொல்லும்போது உங்கள் குரல் கம்மிவிடும். ஒரே கட்டிலில் ஒருவர் பகலிலும் இன்னொருவர் இரவிலும் மாற்றி மாற்றித் தூங்கினார்கள், படுக்கும்போது முந்தினவரின் சூடு மெத்தையில் ஆறாமல் இருக்கும் என்றீர்கள். அந்தச் சூடு எந்தப் புத்தகத்தில் எழுதியிருந்தது மாமா? செத்துப்போனவர்களுக்கு இவ்வளவு அழுகையா என்று நான் கேலி செய்தேன். மன்னித்துவிடுங்கள்.

எனக்கு மேல்மாடி வேண்டாம். திரும்பி வரத் தோன்றினால் வாருங்கள், அப்பாவிடம் நான் பேசிக்கொள்கிறேன். அங்கேதான் இருக்க வேண்டும் என்றால் அதையும் சொல்லுங்கள், நானும் வந்து வேலை பார்க்கிறேன். உங்களுக்குப் பிடித்த ஊரை விட்டுவிடச் சொல்ல எனக்கு மனசு வராது. என்னிடம் மறைக்காமல் இருந்தால் போதும்.

வில்லியனூர் சாமி உங்களைக் காப்பாற்றட்டும். வேளைக்குச் சாப்பிடுங்கள். பெரிய கடிதம் எழுத வேண்டாம். அந்தக் கட்டிலில் நீங்கள் பகலில் படுப்பவரா, இரவில் படுப்பவரா என்று மட்டும் எழுதுங்கள். அந்த நேரத்தில் போன் செய்து உங்களை எழுப்பாமலாவது இருப்பேன்.

உங்கள்
வினோதினி